வெயில் பக்கத்து சீட்

திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டுக்குக் காலையில் போகும் பஸ்ஸில் வலது பக்கம் வெயில். மாலையில் திரும்பி வரும்போதும் வலது பக்கம்தான் வெயில். எங்கள் ரூட்டின் மீது சூரியனுக்கு என்ன கோபமோ தெரியாது. பஸ் கிளம்பும் முன்பே இடது பக்கம் நிரம்பிவிடும். துண்டு, டிபன் பாக்ஸ், தூங்கும் குழந்தை என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டு இடம் பிடிப்பார்கள். வலது பக்கம் உட்கார நேர்ந்தவர்கள் ஏதோ தண்டனை பெற்றவர்கள் மாதிரி முகத்தைக் கர்ச்சீப்பால் மூடிக்கொள்வார்கள்.

அந்த வலது பக்க ஜன்னலில், கையை முழுசாக வெளியே நீட்டி, முகத்தை வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருந்தால் எனக்கு இன்றும் என் சீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இதுவரை வேறு யாராகவோதான் இருந்திருக்கிறார்கள். இருக்கத்தானே வேண்டும்? மாஸ்டர் போய்ச் சேர்ந்தாயிற்று. இருந்தாலும் எழுந்து போய்ப் பார்ப்பேன்.

அவர் செங்கல்பட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஊரே மாஸ்டர் என்றது, நானும் மாஸ்டர் என்றேன். என்னைவிடச் சில வருடங்கள் சின்னவர். நாற்பதுக்கு மேல் நான் அவரிடம் கார் பழகப் போனேன். தலையில் நரையை வைத்துக்கொண்டு எல் போர்டு வண்டியில் உட்காருவது, மீசை வைத்துக்கொண்டு எல்.கே.ஜி.யில் உட்காருவது மாதிரி. ரோட்டில் போகும் மாடுகள்கூட என்னைப் பார்த்து ஒதுங்கின.

"சார், கிளட்ச்ச மெதுவா வுடுங்க. தூங்கற கொயந்தைய கீழ வெக்கிறா மாதிரி. நீங்க தூக்கிப் போடறீங்க. வண்டி கத்தாம இன்னா செய்யும்?"

சொல்லிக்கொடுப்பவர் இடது சீட்டில் உட்காருவார். அதனால் மாஸ்டரின் இடது கை நாளெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கிடந்து நன்றாக வெந்திருக்கும். ஒரு நாள் நான் வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட, அவர் இறங்கி வந்து இரண்டு கைகளாலும் பானெட்டைத் தள்ளினார். அப்போதுதான் கவனித்தேன், இரண்டு கைகளும் ஒரே ஆளுடையவை அல்ல. இடது கை கருவேலங்கரி. வலது கை வறுத்த ரவை. குனிந்தபோது சட்டைக் காலருக்குள் தெரிந்த முதுகோ உரித்த வாழைத்தண்டு. கண்ணும் தேன் நிறம்.

எனக்குப் பகீரென்று பொறாமை வந்தது. எங்கள் வீட்டுப் பாத்ரூமில் என் உபயோகத்துக்கென்று ஒரு முகக் கிரீம் ரகசியமாக இருந்த காலம் அது. பல வருடங்கள் தடவியும் அந்தக் கிரீம் செய்த ஒரே காரியம், தடவிய விரலைக் கொஞ்சம் வெளுக்க வைத்ததுதான். மழைக்கு எடுக்காத குடையை வெயிலுக்கு எடுப்பவன் நான். கடவுள் இப்படி ஒரு நிறத்தைக் கொடுத்தும் இந்த மனிதர் அதைப் பாதுகாக்கத் தெரியாமல் இருக்கிறாரே என்று மனசு அடித்துக்கொண்டது.

"மாஸ்டர், நீங்க உள்ளுக்குள்ள நல்ல கலர் போல இருக்கே. முழுக்கை சட்டை போடலாமில்ல?"

"ரிவர்ஸ் எடுங்க சார்" என்றார். அன்று மாலை பஸ்ஸில் பார்த்தேன். இடது பக்கம் இடம் இருந்தும் வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்து, வலது சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, அந்தக் கையை வெளியே நீட்டினார். இடது கை தினமும் வேலை நேரத்தில் கறுத்துக்கொள்கிறது. வலது கைக்கு ஓவர்டைம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவரை நிழலில் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. மதியம் மற்ற மாஸ்டர்கள் மைதானத்து ஓரம் மரத்தடியில் சாப்பிட, இவர் மட்டும் கார் பானெட்டில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு வெட்டவெளியில் நின்று சாப்பிடுவார். பொத்தேரி காலேஜ் ஹாஸ்டல்களிலிருந்து கார் பழக வரும் பெண்கள் கைக்கு உறை, முகத்துக்குத் துப்பட்டா, அதன் மேல் தொப்பி என்று வந்து இறங்குவார்கள். "கண்ணு மட்டும் தெரியுது சார், இண்டிகேட்டர் மாதிரி. ரைட்ல திரும்பறாங்களா லெப்ட்ல திரும்பறாங்களான்னு அத்த வெச்சிதான் கண்டுபிடிக்கணும்" என்பார். சிரிக்க மாட்டார். சொல்லிவிட்டு வெயிலில் போய் நின்றுகொள்வார்.

அவர் கல்யாணத்திலும் இதுதான் கலாட்டா. ஸ்டூடியோவில் வெளுத்துக் கொடுத்த போட்டோவைப் பார்த்து, மாப்பிள்ளை சிவப்பு என்று பெண் வீட்டில் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்து இறங்கியவரைப் பார்த்துப் பெண்ணின் தாய்மாமன், "டிரைவர் வந்துட்டாரு, மாப்ள எங்க?" என்று கேட்டுவிட்டார். "அன்னிக்கு எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா சார்" என்று மாஸ்டர் என்னிடம் சொன்னார். அந்தச் சந்தோஷம் எனக்கு அப்போது புரியவில்லை.

ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பஸ் ரோட்டை ஒட்டிய வீடு. மொட்டை மாடியில் அவருடைய அம்மா வடாம் பிழிந்து காயப்போட்டிருந்தார். பக்கத்தில் சட்டையில்லாமல் மாஸ்டர்.

"நெழல்ல வாடா நைனா" என்றார் அம்மா. கெஞ்சுகிற குரல். "வடாம் காயுது, செரி. நீ எதுக்குடா காயற?"

"காக்கா வரும்மா. தொரத்தணுமில்ல."

"காக்காக்கு வடாத்தவிட உன்னத்தான் புடிக்கும் போ."

அம்மா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். கறுத்த, களையான முகம். மாடிப்படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த அப்பாவும் நல்ல கறுப்பு. டிராக்டர் ஓட்டியவர். மகன் பக்கம் திரும்பாமலே புகை விட்டுக்கொண்டிருந்தார். நான் இருந்த நேரம் முழுக்க அப்பாவும் பிள்ளையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில மாதங்கள் கழித்து, வடநாட்டிலிருந்து வந்த உறவினர்களைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போயிருந்தேன். அவர்கள் கோயிலைப் பார்க்க, நான் குடையோடு கடற்கரையில் ஒதுங்கி நின்றேன். ஓட்டல்கள் இருக்கும் பக்கம் வெள்ளைக்காரர்கள் வரிசையாகத் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். ஒரு பக்கம் வெந்ததும் புரண்டு படுத்தார்கள். அவர்களுக்குக் கறுப்பு என்பது லீவு போட்டதற்கான அத்தாட்சி. ஊருக்குப் போய் ஆபீஸில் காட்டுவார்கள் போல. நமக்கு அது லீவு கிடைக்காததற்கான அத்தாட்சி. இப்படி நான் தத்துவத்தில் இருந்தபோது வரிசையின் கடைசியில் ஒரு லுங்கி தெரிந்தது. லுங்கியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே ஒன்றுமில்லாமல், மல்லாக்கப் படுத்திருந்தார் மாஸ்டர்.

"மாஸ்டர்! இங்க என்ன பண்றீங்க?"

"படுத்துகினு கீறேன் சார்."

அவர் அப்பா செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பது எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இந்த நேரத்தில் இவர் கடற்கரையில் காற்று வாங்குகிறாரே என்று எனக்குள் ஒரு பெரியமனுஷன் எழுந்தான். அதற்குள் பக்கத்துத் துண்டிலிருந்த வெள்ளைக்காரப் பாட்டி ஒரு குப்பியை அவரிடம் நீட்டி, தடவிக்கொள் என்று சைகை காட்டினார். மாஸ்டர் உள்ளங்கை நிறைய ஊற்றி மார்பு, வயிறு, தோள் என்று தாராளமாகப் பூசினார்.

"இது நல்லா புடிக்கும் சார். அவங்க எல்லாம் இத்ததான் பூசிக்கிறாங்க. மூணு நாள்ல எப்பிடி ஆயிட்டாங்க பாருங்க."

குப்பியை வாங்கிப் படித்தேன். "மாஸ்டர், இது கறுக்கறதுக்கு இல்ல. கறுக்காம இருக்கறதுக்கு."

அந்த மனிதர் அப்படிப் பதறி நான் பார்த்ததில்லை. என் வண்டி ஒருமுறை நேராக லாரிக்குள் போகப் பார்த்தபோதுகூட "பிரேக் சார்" என்று சாந்தமாகத்தான் சொன்னார். இப்போது எழுந்து கடலுக்கு ஓடி, மண்ணை அள்ளி மார்பில் தேய்த்தார். தேய்த்த இடமெல்லாம் சிவந்தது. பாட்டி பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் குடையோடு அலைக்குள் இறங்கினேன்.

"மாஸ்டர், என்ன ஆச்சு உங்களுக்கு?"

"அப்பாவுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்டாங்க சார். கொள்ளி நான் வெக்கணும்."

"நீங்கதானே வைக்கணும். ஒரே பையன்."

"சித்தப்பா அவரு பையன வெக்கச் சொல்றாரு. நான் எங்கப்பனுக்குப் பொறக்கலியாம்." ஒரு அலை வந்து இருவரையும் தள்ளிவிட்டுப் போனது. "எங்கம்மா சின்ன வயசுல இங்கதான் சார், ஒரு லாட்ஜுல, வெள்ளக்காரங்க படுக்கத் துணி தொவச்சாங்க. அப்பதான் நான் பொறந்தேன். இந்தக் கலர்ல. அப்புறம் சொல்லணுமா? பள்ளிக்கூடத்துல என் பேரே வெள்ளக்காரன்."

தாத்தாவின் தாத்தா நிறம்கூடத் தலைமுறை தாண்டி வரலாம் என்று, எனக்குத் தெரிந்த அரைகுறை விஞ்ஞானத்தை இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு எடுத்துவிட்டேன்.

"கரெக்டா இருக்கும் சார். ஆனா அத்த யாருகிட்ட சொல்வீங்க? எங்க சித்தப்பாகிட்டயா?"

"அம்மாவைக் கேட்டீங்களா?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தத் தேன் நிறக் கண்களை மறக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

"கேட்டா, நானும் சந்தேகப்பட்டேன்னு ஆயிடும் சார். ஊரு கேக்கலாம். அப்பா கேக்கலாம். நான் கேக்கலாமா? அதான் சின்ன வயசுலேருந்து வெயில்ல போயி நின்னுக்குவேன்." பிறகு மண் ஒட்டிய மார்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொகம், கை எல்லாம் ஆயிடுச்சி. ஆனா சுடுகாட்டுல சட்டையக் கயட்டணுமே."

குடையை மடக்கிக்கொண்டேன். அந்த வெயிலில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கே அசிங்கமாக இருந்தது.

அப்பா இன்னும் சில நாட்கள் தாங்கினார். மாஸ்டர் விடியற்காலையும் மாலையும் ஆஸ்பத்திரி, நடுப்பகல் மாமல்லபுரம் என்று அலைந்தார். சுடுகாட்டுக்கு நானும் போனேன். சித்தப்பாவின் மகன் தயாராக ஈர வேட்டியோடு ஒரு பக்கம் நின்றான். மாஸ்டர் சட்டையைக் கழற்றினார். கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே சீராக, பாடையில் கிடந்தவரின் அதே நிறம். கூட்டத்தில் ஒரு முனகல் ஓடி அடங்கியது. சித்தப்பா வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். மாஸ்டர் ஜெயித்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

பிறகு அவரை உட்கார வைத்து மொட்டை அடித்தார்கள்.

எங்கள் இருவருக்கும் இது தோன்றவே இல்லை. மார்பை நினைத்தார், முதுகை நினைத்தார், தலைமுடிக்குள் வெயில் போகாது என்று நினைக்கவில்லை. கத்தி ஓட ஓட, கறுத்த நெற்றிக்கு மேலே வெள்ளையாக ஒரு மண்டை எழுந்து வந்தது. கோடு போட்ட மாதிரி. உரித்த முட்டை மாதிரி. மாஸ்டருக்குத் தன் தலை தெரியாது. எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மெல்லக் கையைத் தூக்கி, குளிர்வதைப் போல, தலையை மூடிக்கொண்டார்.

"கைய எடு அண்ணாத்த, இன்னும் பின்னால கீது" என்றார் கத்தி பிடித்தவர். முடித்துவிட்டுக் கத்தியைத் துடைத்தார். "பங்காளி யாருப்பா அடுத்து? வாங்க, வெயிலு ஏறுது."

அடுத்து சித்தப்பா. அவரும் உட்கார்ந்தார். கத்தி ஓடியது. அவர் மண்டையும் வெளுப்பாகத்தான் வந்தது. மாஸ்டர் அளவுக்கு இல்லை, ஆனாலும் அந்த அட்டைக் கறுப்பு முகத்துக்கு மேலே அது வேறு யாருடைய தலையோ மாதிரி இருந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இன்னா பாக்கிறீங்க?" என்றார் கத்தி பிடித்தவர், யாரையும் பார்க்காமல். "மொட்ட அடிச்சா எல்லாத் தலையும் ஒரே குடும்பம்தான்."

சித்தப்பா தன் தலையைத் தடவிப் பார்த்தார். மாஸ்டரின் தலையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், மகன் கையிலிருந்த கொள்ளிச்சட்டியை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் மாஸ்டரிடம் நீட்டினார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மாஸ்டர் வாழ்நாளெல்லாம் வெயிலில் நின்றார். அது கடைசிவரை வரவில்லை.

முடி வளரும்வரை அவர் தொப்பி வைக்கவில்லை. கார் பழக வரும் பெண்கள் மூடிக்கொண்டு வர, மாஸ்டர் மொட்டைத் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்தார். "இனிமே எதுக்கு மாஸ்டர்? அதான் எல்லாம் முடிஞ்சுதே?" என்றேன். "அம்மா கீறாங்களே சார்" என்றார்.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டு வீட்டோடு கிடந்த மாதங்களில் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளுத்திருந்தார். இடது கை, வலது கை வித்தியாசம் போய்விட்டது. உள்ளே இருந்தவன் வெளியே வந்துகொண்டிருந்தான்.

"வெளுத்துகினே போறேன் சார்" என்று, அம்மாவும் மனைவியும் அடுப்படிக்குப் போன சமயம் பார்த்து, ரகசியமாகச் சொன்னார். "என்ன மாடிக்குத் தூக்கிகினு போங்களேன். ஒரு மணி நேரம்."

நான் தூக்கக்கூடியவன் அல்ல. ஜன்னலைத் திறந்துவிட்டேன். ஒரு பலகை அகல வெயில் கட்டிலில் விழுந்தது. அதற்குள் தன் கையை நகர்த்தி வைத்துக்கொண்டார். அம்மா வந்தார், பார்த்தார், ஜன்னலைச் சாத்தவில்லை. முதல் தடவையாக, நிழலுக்கு வா என்று சொல்லவும் இல்லை.

இறந்தபோது பொத்தேரியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து வந்தார்கள். கடைக்காரர்கள் யார் முகத்தையும் அப்படியே அச்சடிப்பதில்லை. கேட்காமலே வெளுத்துக் கொடுப்பார்கள். அதுதான் அவர்கள் காட்டும் மரியாதை. வீட்டு வாசலில், பஸ் ரோட்டைப் பார்த்து, உச்சி வெயிலில் அதைக் கட்டினார்கள். பேனருக்குள் பளபளவென்று சிவந்த ஒரு மாஸ்டர் சிரித்தார்.

"சும்மா தங்கம் மாதிரி கீறான் பாரு எங்க பையன்" என்றார் சித்தப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. எங்க பையன். அந்த வார்த்தை வந்தே விட்டது. கேட்க வேண்டியவர் உள்ளே ஐஸ் பெட்டியில் படுத்திருந்தார்.

அழுகைக் கூட்டத்திலிருந்து எழுந்து அம்மா வாசலுக்கு வந்தார். பேனரை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னிடம், ஏதோ மறந்துபோன சாமானைத் தேடிக் கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார்.

"பொறந்தப்ப இப்பிடித்தான் இருந்தான்."

நானும் அண்ணாந்து பேனரைப் பார்த்தேன்.

"கொயந்த மேல வெயிலு படுதுன்னு சொல்லி, ஆஸ்பத்திரிலேருந்து வூடு வர்ற வரிக்கும் முந்தானைய வெச்சி மூடிகினு வந்தேன்." பிறகு ஏணியில் நின்ற பையன்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், அத்த அவுறுங்க. தோ, அந்தப் புங்க மரத்துக்குக் கீழ கட்டுங்க."

"அங்க கட்டினா ரோட்டுக்குத் தெரியாது ஆயா."

"தெரிய வாணாம். எங்கொயந்த வெயில்ல நின்னது போதும்."

காரியம் முடிந்தும் அந்தப் பேனரை யாரும் அவிழ்க்கவில்லை. இன்னும் இருக்கிறது. ரோட்டில் போகிறவர்களுக்குச் சட்டென்று தெரியாது. காலை பஸ்ஸில் வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்து, தலையை நன்றாக வெளியே நீட்டினால், இலைகளுக்கு நடுவே ஒரு விநாடி முகம் வந்து போகும். நிழலில் இருப்பதால் அவ்வளவாக வெளுக்கவில்லை.

என் வலது கை மட்டும் ஏன் இப்படிக் கறுத்துப்போயிருக்கிறது என்று மனைவி கேட்டாள். கார் ஓட்டுவதால் என்றேன். எங்கள் வீட்டில் கார் இல்லை என்பதை அவள் சொல்லிக்காட்டவில்லை.